துவரை மூட்டையில் நீலகிரித் தைலம்: செத்த வண்டு மூணு வாரத்தில் எப்படித் திரும்பி வருது?

(குழு உரையாடல் இது. ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதினவர் வைத்துக்கொண்ட பெயர்.)

அணைக்கட்டு துவரை, மார்ச் 11

மூணு மூட்டை துவரை. அதுல அரை மூட்டை ஆடிப்பட்டத்துக்கு விதை, மீதி பருப்பு உடைக்க. எல்லாம் கோணியில கட்டி சுவர் ஓரமா அடுக்கியிருக்கு. வண்டு விழுந்துச்சு. மூட்டைக்குப் பத்துச் சொட்டு நீலகிரித் தைலம் பஞ்சுல நனைச்சு நடுவுல சொருகினேன். ரெண்டாம் நாள் கோணிக்கு வெளியே கும்பலா செத்துக் கிடந்தது. மூணு வாரம் கழிச்சு இப்ப முன்னைவிட அதிகம். தைலம் கலப்படமா, இல்ல வண்டு பழகிடுச்சா?

விதைக்கிடங்கு, மார்ச் 11

ரெண்டுமே இல்லை. செத்தது வெளியே நடமாடின வண்டு. இப்ப வர்றது அதோட பிள்ளைகள். தைலம் போட்ட அன்னைக்கு அவை பருப்புக்குள்ளே புழுவா உட்கார்ந்திருந்தன.

ஒரு கைப்பிடி துவரையை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் வைத்துப் பாருங்கள். தோலின் மேல் கடுகில் பாதிகூட இல்லாத புள்ளிகள் ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. கண்ணாடி மாதிரி மினுங்கினால் இன்னும் பொரிக்கவில்லை. சுண்ணாம்பு வைத்த மாதிரி கெட்டி வெள்ளையாக இருந்தால் பொரித்துவிட்டது. புழு முட்டையின் அடிப்பக்கமாகவே தோலைத் துளைத்து உள்ளே போகும், துளைத்த தூளைத் தள்ளி முட்டை ஓட்டை நிரப்பிவிடும், அதனால்தான் அந்த வெள்ளை. வெளியே வரும் நேரம் நெருங்கினால் தோலில் வட்டமாக ஒரு கருத்த ஜன்னல் தெரியும். தோல் மட்டும் மெல்லிசாக மிஞ்சியிருக்கும். வண்டு அதைத் தள்ளிக்கொண்டு வரும்.

30 டிகிரி வாக்கில் முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய நாலு வாரம். முட்டை பொரிக்க அஞ்சாறு நாள். வெளியே வந்த வண்டு ஒன்றும் தின்னாது. ஒன்றிரண்டு வாரம் உயிரோடிருந்து முட்டை வைத்துவிட்டுச் சாகும். உங்கள் தைலம் அடித்தது அந்த இரண்டு வார ஆளைத்தான்.

விதைக்கிடங்கு, மார்ச் 11, இரவு

சொட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். பத்துச் சொட்டு அரை மி.லி.கூட வராது. ஒரு மூட்டை, அதாவது 80 கிலோ துவரை, சுமார் 100 லிட்டர் இடம் அடைக்கும். அதில் மணிகளுக்கு நடுவே உள்ள காற்று 40 லிட்டர். நீலகிரித் தைலத்தில் வேலை செய்வது பெரும்பாலும் சினியோல். 25 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று தாங்குகிற சினியோல் ஆவி சுமார் 15 மில்லிகிராம், அதற்கு மேல் திரவமாகவே நிற்கும். 40 லிட்டருக்கு 600 மில்லிகிராம். நீங்கள் போட்டது முழுக்க ஆவியானாலும் அந்தக் காற்று நிறையாது. இதுவும் கோணி காற்றை விடாது, துவரை ஆவியைக் குடிக்காது என்று வைத்துக்கொண்டால். கோணி விடும். துவரை குடிக்கும்.

ஆய்வுக்கூடக் கணக்கை நம்பி ஏமாறுகிற இடமும் இதுவே. காலி ஜாடியில் இருபது வண்டை விட்டு ஒரு லிட்டருக்கு இவ்வளவு மைக்ரோலிட்டர் என்று எழுதுவார்கள். அதே ஜாடியில் தானியத்தை நிரப்பினால் அளவு பல மடங்கு ஏறும். கொழுப்பும் புரதமும் உள்ள மணி வாசனைத் தைலத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஆரணி மில், மார்ச் 12

இவ்வளவு கணக்கு எதுக்கு சார். வேப்பெண்ணெய் கிலோவுக்கு அஞ்சு மி.லி. ஊத்திப் பிசைங்க, முடிஞ்சுது. அதுவும் செடி எண்ணெய்தான்.

விதைக்கிடங்கு, மார்ச் 12

விதைத் துவரைக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் இரண்டும் ஒரே சாதி எண்ணெய் இல்லை.

வேம்பு, புங்கன், கடலை, ஆமணக்கு எல்லாம் செக்கில் பிழிந்த எண்ணெய். ஆவியாகாது. மணியின் மேல் படலமாகப் படிந்து முட்டையின் மூச்சை அடைக்கும். வண்டுக்கும் வழவழப்பில் முட்டை ஒட்டாது. நீலகிரி, எலுமிச்சைப் புல், நொச்சி, துளசி, கிராம்பு, ஓமம் எல்லாம் நீராவியில் வடித்த தைலம். மூடின இடத்தில் ஆவியாகப் பரவிப் பூச்சியின் நரம்பைத் தாக்கும். முதல் வகையை மணிமணியாகத் தடவியாக வேண்டும், இரண்டாவதற்கு இறுக மூடின பாத்திரம் வேண்டும். ஒன்றின் முறையில் மற்றதைச் செய்தால் இரண்டும் வீண்.

கடையில் வாங்கின தைலத்தில் பிழிந்த எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம். நல்ல நீலகிரித் தைலம் சுவடில்லாமல் போகும். வடைக்குக் கீழே வைத்த தாள் மாதிரி எண்ணெய் வட்டம் நின்றால் கலப்படம். கிராம்புத் தைலத்துக்கு இந்தச் சோதனை சரிவராது, அது மெதுவாகப் போகும். அதைத் தண்ணீரில் விட்டால் அடியில் போகும். மற்றவை மிதக்கும்.

சத்துவாச்சாரி சமையலறை, மார்ச் 12

அரிசி டிரம்முக்கு வசம்புத் தூள் போடலாம் இல்லையா? பிள்ளை வளர்ப்பான்னே பேரு. பச்சைப் பிள்ளைக்கு உரைச்சு ஊத்துறது, அரிசிக்கு என்ன ஆகப்போகுது?

விதைக்கிடங்கு, மார்ச் 13

சாப்பிடுகிற அரிசிக்கு வேண்டாம்மா. நம் நாட்டு வசம்பின் தைலத்தில் பெரும் பங்கு பீட்டா அசரோன். பெண் பூச்சியின் சினைப்பையையே கெடுக்கிறதால்தான் வண்டுக்கு அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. எலிகளுக்குக் கொடுத்த சோதனையில் கட்டி உண்டானதால் அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் தூள் கலக்கலாம், அருமையான காவல். கலந்த விதையை மறந்துபோய் உலையில் போடாமல் இருக்க மூட்டையின் மேல் எழுதி வையுங்கள்.

போரிக் பவுடரும் அப்படியே. பல வீட்டில் அரிசியில் பிசைந்து வைக்கிறார்கள். உணவுக்கு அனுமதி இல்லாத பொருள்.

ஆரணி மில், மார்ச் 13

அம்மா, புழுங்கல் அரிசின்னா நெல் வேகும்போதே உள்ள இருக்கிற முட்டை புழு எல்லாம் காலி. மில்லை விட்டு வந்த பிறகு ஏறினதுதான் உங்க வீட்டு வண்டு. சிப்பம் பிபி (பிளாஸ்டிக்) சாக்கு, தையல் ஓட்டை வழியாவே உள்ள போகும். பழைய அரிசி அடியில இருக்க புதுசை மேல கொட்டாதீங்க. டிரம்மைக் காலி பண்ணி, துடைச்சு, வெயில்ல வெச்சு, அப்புறம் கொட்டுங்க.



விதைக்கிடங்கு, மார்ச் 15

விதைத் துவரை 40 கிலோவுக்கு மட்டும் முறை சொல்கிறேன். உடைக்கிற துவரைக்கு இது இல்லை, வாசனை பருப்பில் நிற்கும்.

முதலில் ஈரம். மூடி இறுகின டிரம்மில் ஈரத் துவரையைப் போட்டால் வண்டுக்கு முன்னால் பூசணம் வரும். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு துவரை, ஒரு ஸ்பூன் நன்றாக வறுத்து ஆறின தூள் உப்பு. மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், உடனே களத்துக்குக் கொண்டுபோங்கள். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே என்றுதான் அர்த்தம், போதும் என்று அர்த்தம் இல்லை. பயறு விதை 9 சதவீதத்துக்கு வர வேண்டும். பல்லில் கடித்தால் பிதுங்காமல் டக்கென்று இரண்டாகத் தெறிக்க வேண்டும்.

அடுத்து சல்லடை. வண்டு, தூள், ஓட்டை விழுந்த மணி எல்லாம் போக வேண்டும். முறத்தில் புடைத்தால் ஓட்டை மணி இலேசாக முன்னால் வரும். அதைக் களத்தில் கொட்டாதீர்கள், கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள் அல்லது எரியுங்கள்.

50 லிட்டர் நீல டிரம், வளையம் போட்டு இறுகும் மூடி. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பஞ்சு வைத்து 5 மி.லி. நீலகிரித் தைலம் ஊற்றி, கொசுவலைத் துணியால் வாயைக் கட்டி, டிரம் அடியில் வைத்து மேலே துவரையைக் கொட்டுங்கள். தைலம் நேராக விதையில் படக் கூடாது, பட்ட விதை முளைக்காது. விளிம்பு வரை நிரப்புங்கள். மூடியைச் சுற்றி டேப். ஏழு நாள் திறக்காதீர்கள். "செத்துச்சா பார்ப்போம்" என்று மூன்றாம் நாள் மூடியைத் தூக்குவது போட்ட தைலத்தை வெளியே ஊற்றுவதற்குச் சமம்.

எட்டாம் நாள் வெளியே கொட்டி, சலித்து, ஒரு நாள் நிழலில் ஆற விட்டு மறுபடி மூடுங்கள். 14ஆம் நாளும் 28ஆம் நாளும் இதே மாதிரி. உள்ளே இருந்த புழு வண்டாகி வெளியே வரவரப் பிடிக்கிற கணக்கு இது.

விதைக்கிடங்கு, மார்ச் 16

நேற்று எழுதினதில் ஒரு தப்பு. கிண்ணத்தை அடியில் மட்டும் வைக்கச் சொன்னேன். மணிக்குள் ஆவி மெதுவாகத்தான் நகரும், போகிற வழியெல்லாம் துவரை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் வைத்தால் மேல் ஒரு சாணுக்குப் போய்ச் சேராது. 5 மி.லி.யை இரண்டாகப் பிரித்து அடியில் ஒன்று, மேலே ஒன்று. இன்னும் நல்லது, முக்கால் அங்குல பிவிசி குழாயில் விரற்கடைக்கு ஒரு சின்ன ஓட்டை போட்டு டிரம் நடுவில் நிறுத்தி, உள்ளே நனைத்த திரியைத் தொங்கவிடுவது. ஓட்டை துவரையைவிடச் சின்னதாக இருக்கட்டும்.

தெர்மகோல் பெட்டி, ஐஸ்கிரீம் டப்பா வேண்டாம். சிட்ரஸ் தோல் தைலம் தெர்மகோலைக் கரைத்தே விடும். நீல டிரம் தாங்கும், ஆனால் வாசனை சுவரில் ஏறி நிற்கும். அந்த டிரம் இனி விதைக்கே.

நெருப்பு: நீலகிரித் தைல ஆவி 50 டிகிரி நெருங்கும்போதே பற்றும். தகரக் கொட்டகையில் மே மாதம் அது ஒன்றும் பெரிய சூடு இல்லை. டிரம்மைத் திறக்கும்போது பீடி, சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் கிட்டே வேண்டாம்.

அணைக்கட்டு துவரை, மார்ச் 16

அண்ணா, வீட்ல நெல்லு கொட்டி வைக்கிற தொம்பை இருக்கு. மூங்கில், சாணி மெழுகினது. அதுல போட்டா ஆகாதா? கிராம்புத் தைலம் இன்னும் காரமாச்சே, அது போடலாமா?

விதைக்கிடங்கு, மார்ச் 17

தொம்பை மூச்சு விடுகிற பாத்திரம். நெல்லின் ஈரத்தை வெளியே விட அது நல்லது, ஆவியைப் பிடித்து வைக்க ஆகாது.

கிராம்பு: மூக்குக்குக் காரம், காற்றுக்கு இல்லை. அதில் உள்ள யூஜினால் ஆவியாகிற வேகம் சினியோலைப் பார்க்க எண்பதில் ஒரு பங்கு வாக்கில்தான் வரும். பஞ்சில் போட்டால் பஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும். வண்டு அதன்மேல் நடந்தால் சாகும். கிடங்குச் சுவர் வெடிப்பு, கட்டைச் சந்து, பழைய சாக்குத் தையல், இந்த இடங்களில் தடவத்தான் கிராம்பு. தனியாகத் தடவாமல் வேப்பெண்ணெயில் பத்தில் ஒரு பங்கு கலந்து பிரஷ்ஷால் தடவுங்கள். கையுறை போடுங்கள், தோலில் பட்டால் எரியும்.

ஆரணி மில், மார்ச் 17

பழைய சாக்குன்னதும் ஞாபகம் வருது. பாதி வண்டு சாக்குல இருந்துதான் ஏறுது. உள்பக்கத்தை வெளியே புரட்டிப் போட்டு, தையல் ஓரத்தை அடிச்சு, ரெண்டு நாள் வெயில். முடிஞ்சா கொதிதண்ணில முக்கி எடுங்க. மூட்டையைச் சுவர்ல ஒட்டி அடுக்கினதும் தப்பு. கட்டை மேல, சுவருக்கு ஒரு முழம் தள்ளி.

சத்துவாச்சாரி சமையலறை, மார்ச் 19

பக்கத்துத் தெருவில தைலமர இலை குவிஞ்சு கிடக்கு. குக்கர் விசில் இடத்துல குழாய் வெச்சு வீட்லயே வடிக்கலாம்னு வீடியோ போடறாங்க.

விதைக்கிடங்கு, மார்ச் 19

வேண்டாம். பொங்கி வரும் இலை ஆவி வழியில் அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கும். வடித்தாலும் நூறு கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ தைலம் கிடைத்தால் பெரிது, குக்கரில் கொள்கிற இலைக்குச் சில மி.லி.தான். இலையை அப்படியே தானியத்தில் போடுவதும் அவ்வளவாக உதவாது. பச்சை இலை போட்டால் ஈரத்தைக் கூட்டி வைக்கிறீர்கள். வேப்பிலைக்கும் இதுதான் கதை: காய்ந்த சருகு பெரிய காவல் இல்லை, பச்சை இலை பூசணத்துக்கு விருந்து.

அணைக்கட்டு துவரை, ஏப்ரல் 14

ரெண்டு தடவை முடிஞ்சுது. முதல் தடவை சல்லடையில அரைப்படி வண்டு. ரெண்டாவது ஒரு கைப்பிடி. விதை டிரம் பரவாயில்ல. ஆனா உடைக்கிற ரெண்டரை மூட்டை அப்படியே கிடக்கு. கடைக்காரர் மாத்திரை வாங்கித் தரேங்கிறார், சோளத்துக்கு வைக்கிற மாத்திரை.

விதைக்கிடங்கு, ஏப்ரல் 14

வாங்காதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் வாயு விடும், அதற்கு மாற்று மருந்து இல்லை. உரிமம் பெற்ற புகைமூட்டுக்காரர்கள் மட்டும், ஆள் குடியிராத கிடங்கில், தார்ப்பாய்க்குக் கீழே வைக்க வேண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் ஒரு மாத்திரைகூடக் கூடாது.

உடைக்கிற துவரைக்கு உங்களிடம் இலவச மருந்து இருக்கிறது. இன்னும் மூன்று வாரம் போனால் கத்திரி. வேலூர் வெயிலைப் பற்றி ஊரெல்லாம் கேலி பேசட்டும், இதற்கு அதுதான் வேண்டும். தரையில் வைக்கோல் அல்லது கோணி, அதன்மேல் கறுப்புத் தார்ப்பாய், ஒரு விரல் கனத்துக்குத் துவரை, மேலே நிறமில்லாத பாலிதீன், நாலு ஓரமும் செங்கல். பதினொன்றரைக்கு மூடி ஒன்றரைக்கு எடுங்கள். நடுவில் ஒரு தெர்மாமீட்டர் செருகி வையுங்கள். மணியின் சூடு 57 டிகிரியைத் தொட்டு ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எதுவும் மிஞ்சாது. தைலத்துக்கு எட்டாத உள்ளே இருக்கிற புழுவுக்குச் சூடு எட்டும்.

பாலிதீனின் உள்பக்கம் வியர்த்தால் துவரை காயவில்லை. பாலிதீனை எடுத்துவிட்டுச் சும்மா காயவையுங்கள், மறுநாள் மூடுங்கள். ஆறின பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூட்டை கட்டினால் ராத்திரி உள்ளே வியர்க்கும்.

நெல், அரிசி எதுவானாலும் இதே முறை.

ஆரணி மில், ஏப்ரல் 15

கடைசி வரியை அடிங்க சார். நெல்லை அந்தச் சூட்டுல போட்டா மணி உள்ளுக்குள்ள கீறல் விடும், அரைச்சா பாதி குருணை. அரிசியைப் போட்டா அங்கயே உடையும்.

விதைக்கிடங்கு, ஏப்ரல் 15

ஒத்துக்கொள்கிறேன். அந்த வரி பயறுக்கு மட்டும். அரைக்கிற நெல்லை இளவெயிலில் பரப்பி அடிக்கடி காலால் தள்ளிவிட வேண்டும், உச்சி வெயிலில் மூடக் கூடாது. அரிசிக்குச் சலிப்பு, சுத்தம், இறுகின மூடி. ரவை, மைதா மாதிரி கிலோ கணக்கென்றால் ஃப்ரீசரில் மைனஸ் 18இல் நாலு நாள்.

சத்துவாச்சாரி சமையலறை, ஏப்ரல் 15

செம்மண் கட்டின துவரைக்கு வண்டு வராதே? அதை ஏன் யாரும் சொல்லல.

விதைக்கிடங்கு, ஏப்ரல் 16

சொல்லியிருக்க வேண்டும். மண் தூள் பூச்சியின் தோலில் உள்ள மெழுகைத் தேய்க்கும், உடம்பு ஈரம் போய் வண்டு காய்ந்து சாகும். மணியின் மேல் மண் பூச்சு இருந்தால் முட்டையும் சரியாக ஒட்டாது. ஏற்கெனவே உள்ளே போன புழுவை ஒன்றும் செய்யாது. அதனால் வெயிலில் மூடி எடுத்த பிறகு செம்மண். உடைக்கும்போது போய்விடும், தைல வாசனை மாதிரி சாம்பாரில் வராது.

அணைக்கட்டு துவரை, மே 12

நேத்து கத்திரியில போட்டேன். பன்னிரண்டரைக்கு 61 டிகிரி காட்டுச்சு. பிரிச்சுப் பார்த்த பத்து ஜன்னல் மணியிலயும் வண்டு உள்ளயே வறுபட்டுக் கிடக்கு.

விதை டிரம்மையும் இப்படிப் போட்டிருக்கலாமோ?

விதைக்கிடங்கு, மே 12

போட்டிருக்கலாம். 9 சதவீதத்துக்குக் காய்ந்த விதை அந்தச் சூட்டைத் தாங்கும், ஈர விதை தாங்காது. மார்ச்சில் உங்கள் விதையின் ஈரம் தெரியாமல் சொல்லத் துணியவில்லை. அடுத்த தை அறுவடைக்கு வரிசையை மாற்றுங்கள்: காயவைத்து, கத்திரிக்குக் காத்திராமல் மாசி பங்குனியிலேயே தெர்மாமீட்டர் வைத்து மூடிப் பார்த்து, 57 வந்தால் அதுவே முதல் வைத்தியம். தைலம் அதற்குப் பிறகு டிரம் வாசலுக்குக் காவல். வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்து அனுப்புகிற பூச்சி இது, அதனால் களத்துக்கு வந்த வாரமே செய்ய வேண்டும்.

இப்போது விதையை முளைப்புப் பாருங்கள். நனைத்துப் பிழிந்த கோணித் துண்டில் நூறு விதை, பத்துப் பத்தாக வரிசை, சுருட்டி நிழலில் ஆறு நாள், ஈரம் காயாமல். துவரை விதைக்கு 75 வர வேண்டும். தைலம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த விதையில் ஐம்பது, நடு டிரம்மில் இருந்து ஐம்பது, தனித்தனியாக.

அணைக்கட்டு துவரை, ஜூன் 2

நடு டிரம் 50க்கு 43. கிண்ணத்துப் பக்கம் 50க்கு 29.

விதைக்கிடங்கு, ஜூன் 2

மேல் கிண்ணத்தைச் சுற்றி ஒரு சாண், அடிக் கிண்ணத்தைச் சுற்றி ஒரு சாண். அந்த விதையை அள்ளித் தனியாக வைத்து மாட்டுக்கும் போடாமல் கழித்துவிடுங்கள். மீதியைத் திறந்த கோணியில் ஒரு வாரம் ஆற்றி விதையுங்கள். அடுத்த முறை 5 மி.லி.யை 3 ஆகக் குறைத்துக் குழாய் முறையில் தொங்கவிட்டு, அதற்கும் நூறு விதை எண்ணிப் பாருங்கள்.

ஆரணி மில், ஜூன் 3

குழாய்க்கு மூடி போட மறந்துடாதீங்க. போன வருஷம் ஒருத்தர் மேல்முனையைத் திறந்தே விட்டுட்டார், வண்டு அது வழியாதான் உள்ள இறங்குச்சு.